சத்தம் நின்றால் முழிப்பு வரும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். மழைதான் இன்னும் வரவில்லை. மலைப்பக்கம் மேகம் கூடுகிறது, ராஜபாளையத்துக்குள் இறங்காமலே போய்விடுகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் உன் லேப்டாப் பக்கமிருந்து ஏதோ அலறியது. "அப்பா, ஒரே நிமிஷம்" என்றாய். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை. கடிதம் மணி அடிக்காது. வந்து மேஜையில் கிடக்கும். உனக்கு ஒழியும்போது படி.

நீ சொன்னதில் நான் புரிந்துகொண்டது இவ்வளவு. இப்போது இருக்கும் கம்பெனியில் கைக்கு வருவது 1,42,000. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் ஆன்-கால். அந்த வாரம் முழுக்க ராத்திரியோ பகலோ எது விழுந்தாலும் நீதான் எடுக்க வேண்டும், கால் மணி நேரத்துக்குள் லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும். புதிதாகக் கூப்பிடும் இடத்தில் ஆன்-கால் கிடையாது, ஆனால் 1,15,000தான். மாதம் 27,000 குறைகிறது. போகலாமா, இருக்கலாமா என்று கேட்டாய்.

கேட்டதும் பழைய டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு 168 மணி நேரம். ஆபீஸ் 45 போனால் மீதி 123. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை என்றால் மாதத்துக்குச் சராசரி 178 மணி நேரம் நீ கட்டிப்போட்ட மாடு. 27,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 152 ரூபாய். மீதிச் சம்பளத்தை ஆபீஸ் நேரத்தால் வகுத்தால் மணிக்கு 590. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தூங்குற நேரத்துக்கும் மணிக்கு 152 ரூபா யாரு குடுப்பா? நல்ல சம்பளம்தானே?" என்றாள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த நேரத்தில் தூக்கம் எப்படி இருக்கும் என்பது அவளுக்கே தெரியும். மில் குவார்ட்டர்ஸில் என் பக்கத்தில் படுத்தவள் அவள்தானே.

உனக்கு அந்த வீடு ஞாபகம் இருக்கும். மில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, வாடகை இல்லாத வீடு. வாடகை ஏன் இல்லை என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் ரொம்ப நாள் யோசித்ததில்லை. மூன்று ஷிப்டும் ஓடுகிற ஸ்பின்னிங் மில்லில் எலெக்ட்ரீஷியன் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கான கூலிதான் அந்த வீடு. சம்பளப் பட்டியலில் அதற்கென்று ஒரு வரி கிடையாது.

சுவருக்கு அந்தப் பக்கம் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம்கள் இராப்பகலாக ரீங்காரமிடும். புதிதாக வருகிற விருந்தாளிக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது. எனக்கு அது நின்றால்தான் முழிப்பு வரும். ஃபிரேம் நின்ற மறு நொடி நான் பாயில் உட்கார்ந்திருப்பேன். வாட்ச்மேன் சைக்கிளில் வந்து லத்தியால் கேட்டைத் தட்டுவதற்குள் சட்டை மாட்டியிருப்பேன். ஒரு ராத்திரி கூப்பிடவே இல்லை என்றாலும் காதில் ஒன்று மில்லில்தான் இருந்தது. காலையில் எழுந்தால் வேலை பார்த்த அசதி இருக்கும், பார்த்த வேலை ஒன்றும் இருக்காது.

சினிமாவுக்குப் போனால் வாசலோரச் சீட்டு. எந்தத் தியேட்டர், எந்த ஆட்டம் என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு தடவை படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில், "மில் எலெக்ட்ரீஷியன் உடனே வெளியே வரவும்" என்று கண்ணாடி ஸ்லைடில் மையால் எழுதிப் போட்டார்கள். அப்போது நீ கைக்குழந்தை. அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். நான் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. அந்தப் படத்தின் முடிவு இன்றைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

போன வருஷம் நீ சொன்னாயே, பெல்ஜியத்தில் நிவெல் என்ற ஊரின் தீயணைப்பு வீரர் ஒருவர் தொடுத்த வழக்கு. கூப்பிட்டால் 8 நிமிஷத்துக்குள் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லி வீட்டில் காத்திருக்க வைத்தால், அந்த நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும் என்று 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது என்றாய். எட்டு நிமிஷமா என்று சிரித்தேன். எனக்கு மூன்று. நம் ஊர்த் தொழிற்சாலைச் சட்டம் 1948-இல் வந்தது. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்றது. ஆனால் மில் கேட்டுக்குள் கார்டு அடித்த பிறகுதான் எனக்கு அந்தக் கணக்கு ஓடியது. பாயில் உட்கார்ந்து காது கொடுத்ததற்குக் கார்டு ஏது? வேலை நேரம் முடிந்த பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017-இலும் ஆஸ்திரேலியாவில் 2024-இலும் சட்டமானது. நம் நாடாளுமன்றத்தில் 2018-இல் ஒரு தனிநபர் மசோதா வந்தது. மசோதாவாகவே நின்றுவிட்டது. ஆகையால் சட்டம் வந்து உன் தூக்கத்துக்கு விலை சொல்லும் என்று காத்திருக்காதே. நீதான் சொல்ல வேண்டும்.

விலை என்றதும் சம்பளத்தைத்தான் நினைப்பாய். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் மில்லில் பஞ்சை உதறிச் சுத்தம் செய்கிற ப்ளோ ரூமில் மோட்டார் ஒன்று ராத்திரி ராத்திரி ட்ரிப் ஆகி நின்றுவிடும். பஞ்சுத் தூசி மோட்டாரின் மேல் படிந்து மெத்தை மாதிரி மூடிவிடும். காற்றுப் போகாது, சூடேறும், மோட்டார் கருகாமல் கரண்டைத் துண்டிக்கிற ஓவர்லோடு ரிலே விழுந்துவிடும். நான் போய்க் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, ரிலேயில் இருக்கும் பொத்தானை அமுக்குவேன். மோட்டார் ஓடும். இரண்டு மணிக்கு எழுந்து போய் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வருவதுதான் வேலை. ஷிப்டுக்கு ஒரு தடவை தூசியைத் தட்டிவிடுங்கள் என்று மேஸ்திரியிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "நீங்கதான் பக்கத்துலயே இருக்கீங்களே அண்ணாச்சி" என்பார். அவர் சோம்பேறி இல்லை, நல்ல மனுஷன். தூசி தட்ட ஓர் ஆளை நிறுத்தினால் அவருக்கு உற்பத்தி குறையும். என்னைக் கூப்பிட்டால் வாட்ச்மேன் சைக்கிளை நாலு மிதி மிதிப்பதோடு சரி.

2006-இல் புதிதாக ஒரு ஃபேக்டரி மேனேஜர் வந்தார். ராத்திரிக் கூப்பாடு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய், மறுநாள் அரை நாள் லீவு என்று போட்டார். யார் கூப்பிட்டது, எதற்குக் கூப்பிட்டது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்க வேண்டும். அதற்கு முந்தின மாதம் நான் 23 தடவை போயிருந்தேன். மூன்றாவது மாதம் ஆறே தடவை. மோட்டார் மாறவில்லை, ரிலே மாறவில்லை. மேஸ்திரியின் பெயர் நோட்டில் ஏற ஆரம்பித்தது, அவ்வளவுதான். தூசி தட்ட ஆள் வந்துவிட்டது. ஐம்பது ரூபாயில் நான் பணக்காரனாகவில்லை. கூப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் வலிக்க ஆரம்பித்தது, நான் தூங்கினேன். இரண்டு வருஷத்தில் அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் நோட்டைத் தூக்கிவிட்டார். பழையபடி லத்திச் சத்தம்.

போன தடவை ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனோமே, வடம் பிடிக்கிற நேரத்தில் நீ ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாய். என்னவென்று கேட்டதற்கு, ஏதோ டிஸ்க் 80 சதவீதம் நிறைந்தால் அலாரம் அடிக்கும், அது தானாகவே குறைந்துவிடும், ஆனாலும் பார்த்தேன் என்று பதில் சொல்ல வேண்டும் என்றாய். எனக்கு உடனே அந்தப் பொத்தான்தான் ஞாபகம் வந்தது. அந்த அலாரத்தை ஏன் யாரும் திருத்தவில்லை என்று கேட்டேன். "யாருக்கும் நேரமில்லப்பா" என்றாய். உன் தூக்கம் அவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும்வரை யாருக்கும் நேரம் இருக்காதும்மா.

அதனால் வேலையை விடுவதற்கு முன்னால் ஒன்று செய்து பார். கடைசி மூன்று மாதத்தில் வந்த அழைப்புகளை எல்லாம் ஒரு தாளில் எழுது. எத்தனை மணிக்கு வந்தது, என்ன கோளாறு, காலைவரை தாங்கியிருக்குமா, இதே கோளாறு முன்பும் வந்ததா. அதைக் கொண்டுபோய் உன் மேனேஜரிடம் வைத்து, சம்பளத்தோடு சேர்த்துக் குழைத்துத் தருவது வேண்டாம், ராத்திரி அழைப்பு ஒவ்வொன்றுக்கும் தனியாக இவ்வளவு, மறுநாள் காலை ஓய்வு என்று கேள். மொத்தத்தில் 27,000-ஐவிடக் குறைந்தாலும் பரவாயில்லை, கேள். ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் இருந்து பார்க்கலாம். "அதெல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சிரித்தால், அதற்கு மேல் அங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்றும் பார்த்துக்கொள். அந்த 27,000 அடிப்படைச் சம்பளத்தில் இருக்கிறதா, அலவன்ஸில் இருக்கிறதா? அலவன்ஸ் என்றால் ஆன்-கால் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்த அன்றே அதுவும் போகும். அடிப்படைச் சம்பளம் என்றால் பி.எஃப். கூடலாம், அடுத்த கம்பெனியில் பேரம் பேசவும் உதவும். புதிய இடத்திலும் "ஆன்-கால் இல்லை" என்பதை வாயால் சொன்னார்களா, ஆர்டரில் எழுதித் தருவார்களா என்று கேட்டுவிடு. பட்டியல் இல்லாமல், ஆத்திர அவசரத்துக்கு யாரையாவது கூப்பிடுகிற இடம் இன்னும் மோசம். அங்கே எல்லா வாரமும் உன் வாரம்தான்.

இனி அப்பாவின் கதையில் உனக்குத் தெரியாத பாதி. 2009-இல் ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் வயரிங் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். ஒன்பது மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற வேலை. மில்லில் 8,200, அங்கே 6,500, வீட்டு வாடகை வேறு. நீ எட்டாம் வகுப்பு. பிள்ளை படிப்புக்காகத்தான் போகவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. ஊரே தூங்கும்போது என்னைத் தேடி ஆள் வருவது எனக்குப் பிடித்திருந்தது. நான் போய்க் கை வைத்தால் ஃபிரேம் ஓடும், நைட் ஷிப்டுப் பிள்ளைகள் "அண்ணாச்சி வந்துட்டாரு" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வருஷம் கூட இருந்தேன்.

2012-இல் மின்வெட்டு உச்சத்துக்குப் போனது. நம் பக்கமெல்லாம் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் போகும்போது ஜெனரேட்டருக்கு மாற்ற வேண்டும், வந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஃபிரேமில் இழை அறுந்து தொங்கும். ஒரு விடியக்காலை சேஞ்ச் ஓவர் சுவிட்சின் பிடியில் கை வைத்துக்கொண்டு, இப்போது மேலே தள்ள வேண்டுமா கீழே இழுக்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றேன். இருபது வருஷம் பழகிய சுவிட்ச். யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அந்த மாதமே ஐ.டி.ஐ.க்குப் போனேன். மில்லில் அப்போது 11,000, அங்கே 8,000.

நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுதினால் பொய். முதல் நாலைந்து மாதம் ராத்திரி தானாக எழுந்து உட்கார்ந்தேன். வாடகை வீட்டில் எந்தச் சத்தமும் இல்லையே, எல்லா நேரமும் மில் நின்றுபோன மாதிரியே இருந்தது. ஒருவரும் தேடி வரவில்லை என்று கோபம் வேறு. நான் இல்லாமல் மில் ஓடாது என்று நினைத்திருந்தேன். ஒரு ஷிப்டுகூட நிற்கவில்லையாம். உனக்கும் புதிய இடத்தில் இது வரும். சம்பளம் குறைந்ததற்காக வருத்தப்படுகிறோம் என்று நினைத்துக்கொள்வாய், நிஜத்தில் இதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

பணம் பற்றி ஒன்று. வீட்டுக் கடனுக்கு நீ மாதம் 20,000 அனுப்புகிறாய். தவணை 11,400தான். மீதியை அம்மா உன் பெயரில் போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. போட்டு வருகிறாள். சொல்லக் கூடாது என்றாள், சொல்லிவிட்டேன். இனிமேல் தவணையை மட்டும் அனுப்பு. நானும் அங்கங்கே வீட்டு வயரிங் பார்க்கிறேன், மருந்துச் செலவுக்குக் குறைவில்லை. எங்களை வைத்துக் கணக்குப் போடாதே. போட்டால் நான் 2009-இல் உன்னை வைத்துப் போட்ட மாதிரித்தான் இருக்கும்.

அந்த அழைப்புத் தாளை எழுதினால் எனக்கும் ஒரு நகல் அனுப்பு. கம்ப்யூட்டர் புரியாவிட்டாலும் எது தூசி, எது நிஜக் கோளாறு என்று பார்த்துச் சொல்வேன்.

முந்தாநாள் ராத்திரி ஃபேன் நின்றது. நான் எழுந்து சட்டையைத் தேடினேன். "படுங்க. ஊருக்கே போயிருக்கு" என்றாள் அம்மா.

அன்புடன்,
அப்பா