எட்டுப் பக்கங்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. உன் சித்திரக்கதையைப் பன்னிரண்டு பக்கங்களிலிருந்து ஐந்தாகச் சுருக்கச் சொல்லிவிட்டார்கள் என்று நீ தொலைபேசியில் சொன்னது இரண்டு நாள்களாக மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர் பெர்னார்ட் கிரிக்ஸ்டீனைப் பற்றி எழுதுகிறேன்.

1919-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவர் ஓவியராக விரும்பியவர். காமிக்ஸுக்குப் பிழைப்பு தேடித்தான் வந்தார். வந்த பிறகு அதை வெறும் பிழைப்பாகப் பார்க்க அவரால் முடியவில்லை. காமிக்ஸ் ஓவியர்களுக்காகச் சங்கம் அமைக்கவும் முன்னின்றார்; அது நிலைக்கவில்லை.

1955-இல் ஈ.சி. என்ற காமிக்ஸ் பதிப்பு நிறுவனம் வெளியிட்ட 'மாஸ்டர் ரேஸ்' அவர் கைக்கு வந்தபோது ஆறு பக்கக் கதை. அவர் பன்னிரண்டு கேட்டார், எட்டு கிடைத்தது. அங்கே கட்டங்களைப் பிரித்து, வசனங்களை எழுதிய பின்னரே ஓவியரிடம் தாளைத் தருவார்கள். கிரிக்ஸ்டீன் அந்தத் தாள்களை வெட்டி, வசனங்களைத் தமக்கு வேண்டிய இடத்தில் ஒட்டி, ஒரு கட்டத்துக்கான இடத்தில் பல ஒடுங்கிய கட்டங்களை வரைந்தார். முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் பக்கம் அமைத்தவன் என்பதால் சொல்கிறேன், அதற்குத் துணிச்சல் மட்டும் போதாது, அளவு கைக்குள் இருக்க வேண்டும்.

அந்தக் கதையில், நாஜிகளின் பெல்சன் வதைமுகாமின் தளபதியாக இருந்து, போருக்குப் பின் நியூயார்க்கில் ஒளிந்து வாழும் ரைஸ்மன், சுரங்க ரயிலில் எதிரே வந்து அமர்ந்தவரைக் கண்டு மிரண்டு ஓடித் தண்டவாளத்தில் விழுகிறான். அவன் தடுமாறிச் சாய்வதைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார். விரையும் ரயிலின் சன்னலில் ஒரே முகத்தைப் பல முறை அடுத்தடுத்து வரைந்திருக்கிறார். ரயிலின் வேகத்தையே கண்ணால் காண்கிறோம். இதை நீ பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

1954-இல் அமெரிக்க செனட் குழு காமிக்ஸை விசாரித்ததும், அதைத் தொடர்ந்து வந்த தணிக்கை விதிகளும் ஈ.சி.யின் கதை இதழ்களை முடக்கின. கிரிக்ஸ்டீனும் சில ஆண்டுகளில் விலகிவிட்டார். இந்தத் துறையில் அவர் இருந்தது பதினைந்து ஆண்டுகள்கூட இல்லை. பிறகு நியூயார்க்கில் ஒரு பள்ளியில் ஓவியம் கற்பித்தார், 1990-இல் மறைந்தார். கேட்ட பன்னிரண்டையும் கொடுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

உன் கதையில் கிணற்றடிக் காட்சியை எடுத்துவிடாதே, அம்மா. மற்றவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் குறை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பல கட்டங்களாகப் பிரித்து வரைந்து, பென்சில் படியாகவே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா