சாட் சுற்றிக்கொண்டே நின்றால் தப்பு உங்கள் மேல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரையில் 2003-லிருந்து 11 வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தினவன் நான். போன வாரம் எங்கள் வீட்டில் நடந்தது மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சொந்தக்காரப் பெண், கல்லூரி மாணவி. உதவித்தொகை விண்ணப்பத்தில் ஏதோ தவறு காட்டுகிறது என்று கல்லூரி லேபில் உட்கார்ந்து, அந்தத் தளத்தின் உதவி சாட்டைத் திறந்திருக்கிறாள். மற்ற பக்கமெல்லாம் நன்றாக வருகிறது, சாட்டில் மட்டும் 'இணைக்கிறது' என்று வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசித் தேதிக்கு முந்தின நாள். தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து அழுதாள். என் போனில் அதே பக்கத்தைத் திறந்தேன், அரை நிமிஷத்தில் ஆள் பேச வந்துவிட்டார்.

இந்தக் கஷ்டம் எனக்குப் பழக்கமானது. அந்தக் காலத்தில் பிரவுசருக்குள் சாட் என்றால் பெரும்பாலும் ஜாவா ஆப்லெட்தான், அதாவது பக்கத்துக்குள்ளேயே ஓடும் சின்ன ப்ரோக்ராம். பக்கத்தின் நடுவில் ஒரு சாம்பல் பெட்டியாகத் தெரியும். சபுர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கும் கணவரோடு பேச ஓர் அக்கா வாரா வாரம் கடைக்கு வருவார். ஒரு நாள் ஒரு மணி நேரம் காத்திருந்தும் கணவர் சாட்டில் வரவில்லை. மறுநாள் போனில் சண்டை. அப்புறம்தான் தெரிந்தது, அவரும் அங்கே கம்பெனி கம்ப்யூட்டரில் அதே ஒரு மணி நேரம் அந்தச் சாம்பல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் நின்று தடுத்தது கம்பெனியின் ப்ராக்சி. என் கடையிலும் ஒரே கனெக்‌ஷனை 6 கம்ப்யூட்டருக்குப் பிரிக்க ப்ராக்சி வைத்திருந்தேன், சில ஆப்லெட் அங்கேயும் திறக்காது. கேட்டவர்களிடம் 'சர்வர் டவுன்' என்று பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை இல்லை.

ப்ராக்சி என்பது நமக்காகக் கடைக்குப் போய்வரும் ஆள் மாதிரி. பக்கத்தைக் கேட்டால் வாங்கி வந்து கொடுப்பார், அதோடு வேலை முடிந்தது. சாட்டுக்கு அது போதாது, மறுபக்கம் எப்போது பேசினாலும் வந்து சேர லைன் திறந்தே இருக்க வேண்டும். ஐஆர்சி என்ற பழைய சாட் முறைக்கான ஆப்லெட்டுகள் பெரும்பாலும் சர்வரின் 6667-ஆம் போர்ட்டில், அதாவது எண் போட்ட கதவில், நேராகப் போய்த் தட்டும். பல அலுவலகங்களிலோ வெளியே போக, சாதாரணப் பக்கங்கள் வரும் 80, 443 இரண்டு போர்ட்டைத் தவிர மற்றதை அடைத்து வைத்திருப்பார்கள். ப்ராக்சி பாஸ்வேர்ட் கேட்டால் பிரவுசருக்குக் கொடுக்கத் தெரியும், தனியாக லைன் திறக்கும் ஆப்லெட்டுக்குத் தெரியாது. போதாததற்கு, செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஆப்லெட், தான் எந்த சர்வரிலிருந்து வந்ததோ அதனோடு மட்டும்தான் பேசலாம் என்று ஜாவாவிலேயே கட்டுப்பாடு.

ஆப்லெட் காலம் முடிந்தது. குரோம் 2015-லும் ஃபயர்ஃபாக்ஸ் 2017-லும் அதைக் கைவிட்டன. இப்போது சாட்டுக்கு லைனைத் திறந்தே வைக்கும் வழி வெப்சாக்கெட், 2011-ல் தரப்படுத்தப்பட்டது, 80, 443 போர்ட்டுகளிலேயே போகும். ஆனாலும் அந்தப் பெண் அழுதாளே, ஏன்? வெப்சாக்கெட் சாதாரணப் பக்கம் கேட்கிற மாதிரியே தொடங்கி, 'இனி இந்த லைனைப் பேச்சுக்கு மாற்று' என்று கேட்கும். பழைய ப்ராக்சிக்கு அந்த வார்த்தை புரியாது, வெட்டிவிடும். 443-ல் மறையாக்கம் செய்து, அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிப் போனால் பெரும்பாலும் தப்பித்துவிடும், ப்ராக்சி உள்ளே பார்க்காமல் அப்படியே கடத்திவிடும். அதையும் பிரித்துப் பார்க்கிற ப்ராக்சி சில இடங்களில் உண்டு. சிலது கொஞ்ச நேரம் யாரும் பேசாவிட்டால் லைனைத் துண்டித்துவிடும். அந்த லேபில் இதில் எது என்று நான் பார்க்கவில்லை, ஆனால் போனில் திறந்து லேபில் திறக்காதது பெரும்பாலும் கல்லூரி நெட்வொர்க்கில்தான் தடை என்று காட்டுகிறது.

ப்ராக்சியை எடுத்துவிடச் சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கட்டுப்பாடு வேண்டும், சரி. ஆனால் எது திறக்கும், எது திறக்காது என்று ஒரு காகிதத்தில் எழுதி லேப் சுவரில் ஒட்டுவதில் என்ன கஷ்டம்? விண்ணப்பத் தளங்களின் சாட்டையாவது அனுமதிக்கலாமே. தளம் செய்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: வெப்சாக்கெட் போகாவிட்டால் சில நொடிக்கு ஒரு தரம் சாதாரணப் பக்கமாகக் கேட்டு வாங்கும் பழைய வழி இருக்கிறது, அதையும் வையுங்கள். அதுவும் போகாவிட்டால் வட்டத்தைச் சுற்றவிடாதீர்கள். 'உங்கள் நெட்வொர்க் இதைத் தடுக்கிறது, இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் பஸ் ஏறிப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி இல்லாமல் ஒரு நாளே போய்விடுகிறது.

வாசகர்களுக்கு ஒன்று. சாட் மட்டும் நின்றால் அதே பக்கத்தை உங்கள் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். திறந்தால் உங்கள் மேல் தப்பே இல்லை, லேப் பொறுப்பாளரிடம் 'வெப்சாக்கெட் போகவில்லை' என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய பிரவுசிங் சென்டர்காரர்,
கீழக்கரை