அம்மா அறைக்குப் பிளான் பாஸாகிவிட்டது

பினாங்கு
ஞாயிறு காலை

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு நீ அனுப்பிய முறுக்குக்கே இன்னும் பதில் எழுதவில்லை. மன்னித்துவிடு. வீட்டில் எல்லாரும் நலம். கேரம் கடன் இன்னும் பாக்கி என்று பெரியண்ணன் நினைவுபடுத்தச் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் புது அறைக்குப் பிளான் பாஸாகிவிட்டது. கான்கிரீட் தரை இல்லாமலே! சிமெண்டு விற்கிற உனக்கு இப்போது முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச்சில் அம்மா வழுக்கி விழுந்தாரே, ஏன் என்று சொன்னேனா? ராத்திரி முழுக்க ஏர்கோன் ஓடி டைல்ஸ் சில்லிட்டுப் போயிருந்தது. காலையில் கதவைத் திறந்ததும் ஈரக்காற்று பட்டுத் தரை வேர்த்துவிட்டது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், உள்ளங்கையெல்லாம் தண்ணீர்.

கான்கிரீட் இல்லாத இந்தத் தரை குளிர் நாடுகளில் செய்கிற முறை. இடித்துக் கெட்டிப்படுத்திய ஜல்லி, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, 50 மி.மீ. ஃபோம் பலகை, மேலே 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. மேலடுக்கின் மூட்டு கீழடுக்கின் மூட்டுக்கு நேரே வராமல் வைத்துத் திருகவேண்டும். சுவருக்கு மட்டும் தனி அஸ்திவாரம். அங்கே மண்ணின் குளிரைத் தடுக்க. இங்கே வேர்க்காமல் இருக்க. பிளைவுட் டைல்ஸைப்போலக் குளிரைப் பிடித்துவைக்காது.

அலுவலகத்தில் பிளானை இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். தாங்குமா என்பதுதான் கேள்வி. 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் வீட்டுத் தரைக்குக் கேட்கிற பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 150 கிலோ. இந்த ஃபோமின் அமுக்க வலிமை அதே சதுர மீட்டருக்கு 300 கிலோநியூட்டன்! நான் வாயால் சொல்லி என்ன பயன்? எஞ்சினியர் கணக்குப் போட்டு முத்திரை வைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. ஒரு ஃபோம் துண்டையும் கவுண்டரில் வைத்தேன். அதிகாரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். நகக்குறி மட்டும்தான் விழுந்தது.

ஆனால் கரையான், சேகர். ஃபோமை அது தின்னாது, குடைந்து வழி போட்டுவிடும். தைப்பிங் வீட்டு நிலைப்படியை நீ மறந்திருக்க மாட்டாய். மண்ணுக்கு மருந்தடித்து, ஓரமெல்லாம் எஃகு வலை வைக்கிறோம். சுவரடி ஓரத்து ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றிப் பார்க்கவும் வழி விட்டிருக்கிறது. இருந்தாலும் பலகை உள்ளுக்குள் உளுத்து, ஒருநாள் அம்மாவின் காலடியில் இறங்கிவிட்டால்? இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

உன் கடைக்கு வருவாரே மருந்தடிக்கிறவர், அவரிடம் மருந்தும் வலையும் போதுமா என்று கேட்டு உடனே எழுது. சனிக்கிழமை ஜல்லி லோரி வருகிறது.

உன்
மணி