வளவுக் கல்லைச் சுரண்டாதீர்கள்

பேர்கன், நோர்வே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்குக் கால் வலி குறைந்ததா? போன கிழமை தம்பி கதைக்கும்போது, தைப்பொங்கலுக்கு முதல் வளவுக்குள் நிற்கும் கருங்கல்லைக் கம்பி பிரஷ்ஷால் உரஞ்சி வெள்ளை அடிக்கப் போகிறீர்கள் என்றான். அப்பா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

என் வேலை துப்புரவு வேலை என்று தெரியும்தானே. சித்திரையில் ஒரு வீட்டின் பழைய கல் மதிலைக் கழுவ அனுப்பினார்கள். மதில் முழுக்கத் தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. ஊத்தை என்றுதான் நினைத்தேன். மெஷினால் தண்ணீரை அடித்தும் போகாததை இரும்புத் தகட்டால் சுரண்டினேன். கல்லும் சேர்ந்து பொரிந்து வந்தது. மத்தியானத்துக்குள் மதில் பளிச்சென்று ஆகிவிட்டது.

பின்னேரம் பக்கத்து வீட்டு வயதான அம்மா வந்து மதிலைப் பார்த்தபடி கன நேரம் நின்றார். ஏசவில்லை. மூலையில் மிஞ்சியிருந்த ஒரு துண்டைக் காட்டி, கையில் பூதக்கண்ணாடியைத் தந்தார்.

மஞ்சள் கலந்த பச்சை. வற்றின குளத்துச் சேறு போல வெடித்த சின்னச் சின்னத் துண்டுகள், இடையிடையே மிளகுத்தூள் சிந்தினது மாதிரிக் கறுப்புப் புள்ளிகள், சுற்றிவரக் கறுப்புக் கோடு. இரண்டு திட்டு முட்டும் இடத்தில் அந்தக் கோடு நாட்டு எல்லை போலவே இருக்கிறது. இங்கே அதைக் 'கார்ட்லாவ்' என்கிறார்கள். கார்ட் என்றால் வரைபடம்.

பள்ளிக்கூடத்தில் படித்த இலைக்கன்தான் அது. பங்கசு என்ற பூஞ்சணமும் அல்கா என்ற பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன: பங்கசு வீடு கட்டிக் கொடுக்கும், அல்கா வெயிலில் சமைத்துப் போடும். பாறையில் ஓடாகப் படியும் இந்த வகைக்கு அடித்தோல் கிடையாது. பங்கசின் இழை நேரே கல்லுக்குள் இறங்கிவிடும். கல் ஏன் பொரிந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

வருஷத்துக்கு ஒரு மில்லிமீற்றர்கூட வளராதாம். ரோலண்ட் பெஷல் என்ற ஒஸ்திரியர் 1950இல், இந்தத் திட்டின் அகலத்தை அளந்தே பனியாறு ஒரு கல்லை விட்டு விலகி எத்தனை காலம் என்று கணக்கிடும் வழியைச் சொன்னார். 2005இல் இதை விண்வெளிக்குக் கொண்டுபோய், காற்றே இல்லாத வெளியில் இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். உயிரோடு திரும்பி வந்தது. அதைத்தான் அப்பா, நான் ஒரு காலைப் பொழுதில் சுரண்டிப் போட்டேன். இன்னும் அந்தத் தெருவால் போக மனம் வருவதில்லை.

நம் கல்லில் அப்பப்பா இருந்து வெற்றிலை போடும் பக்கம் சாம்பல் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கிறதல்லவா? அவர் சுண்ணாம்பு தடவின இடம் என்று சின்னனில் நம்பியிருந்தேன். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும் அதே மாதிரி வட்டங்களைப் பார்த்திருக்கிறேன், அங்கே யார் சுண்ணாம்பு தடவினது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

மாரி மழை தொடங்கியதும் கிட்டப் போய்ப் பாருங்கள். நனைந்தால் சாம்பல் நிறம் மெல்லப் பச்சையாகும். உள்ளே இருக்கும் அல்கா வெளியே தெரிவதுதான் அது. தம்பியிடம் சொல்லி, அடிமட்டம் வைத்து வட்டத்தின் அகலத்தை அளந்து, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குற்றியும் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த தையிலும் அதே இடத்தில் எடுக்க வேண்டும்.

வாங்கின சுண்ணாம்பைக் கிணற்றுக்கட்டுக்கு அடியுங்கள்.

அன்பு மகன்