பின்னிருக்கையில் காற்று மொத்துவது குறித்தும், மதுரைக்கு வீணாக அலைக்கழித்தது குறித்தும் புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம். (பெயரும் வண்டி எண்ணும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

நாள்: 18.09.2024

பொருள்: வண்டியின் முன்னால் காற்றைத் தடுக்கும் நீளக் கண்ணாடி (விண்ட்ஷீல்டு) பொருத்திய பின் பின்னிருப்பவர் தலையில் காற்று மொத்துவதைச் சரிசெய்து தரவும், ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலை விவரச் சீட்டில்) எழுதப்பட்ட பொய்யை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் நெடும்பயண மோட்டார் சைக்கிளைச் சென்ற சித்திரையில் வாங்கி, ஆனி மாதத்தில் அதற்கென்றே தாங்கள் விற்கும் நீளக் கண்ணாடியை 6,800 ரூபாய் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான். அது எந்தக் கண்ணாடி, எந்தத் தாங்கியில் உட்காருகிறது என்பதையெல்லாம் செய்து விற்கிற தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மூன்று மாதத்தில் தொலைபேசியில் 11 முறையும், நெல்லை விற்பனை நிலையத்துக்கு நேரில் 5 முறையும், மதுரைக்கு ஒரு முறையும் போய் வாயால் சொல்லி ஓய்ந்துவிட்டதால், இப்போது எழுத்தில் தருகிறேன்.

குறை இதுதான். வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், கண்ணாடியின் மேல் விளிம்பில் ஏறி வருகிற காற்று என் தலைக்கு மேலே உடைந்து சுழன்று, பின்னால் என்னைவிட ஒரு சாண் உயரத்தில் அமர்ந்திருக்கும் என் மனைவியின் ஹெல்மெட்டில் வந்து மொத்துகிறது. நேராக வருகிற காற்று ஒரே சீராகத் தள்ளும். அதற்கு எதிராகக் கழுத்தை நிறுத்திக்கொள்ள முடியும். உடைந்து வருகிற காற்று அப்படியல்ல. இடம், வலம், பின்மண்டை என்று மாறி மாறி அடிக்கிறது. கண்ணாடி இல்லாமல் ஓட்டிய சித்திரை, வைகாசி மாதங்களில் அவருக்கு இந்தத் தொல்லை இருந்ததே இல்லை. ‘பின்னிருப்பவருக்கும் அமைதியான பயணம்’ என்று தங்கள் கையேட்டில் அச்சிட்டிருப்பதை நம்பித்தான், அவருடைய வசதிக்காகவே, அந்தக் கண்ணாடியை வாங்கினேன்.

என் மாமியார் தோவாளைக்கு உள்ளே ஒரு சிற்றூரில் படுக்கையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு போய், அங்கே திரும்பி ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, ஒரு வழிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போய்வருகிறோம். பணகுடி தாண்டியதும் காற்று என்ன செய்யும் என்பது இந்தப் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தானே. ஆடியில் அந்தக் கணவாயின் வழியே மேற்குக் காற்று முகத்துக்கு நேரே வரும்போது, நான் 80-இல் போனாலும் கண்ணாடியில் மோதுகிற காற்றின் வேகம் 120-ஐத் தொடும். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் அது இரண்டேகால் மடங்கு அடியாகிறது. ஆடி முதல் ஞாயிறு அன்று தோவாளையில் இறங்கியபோது என் மனைவியால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நோயாளியான தாய், மகளுக்குத் தைலம் தேய்த்துவிட நேர்ந்தது.

இதைச் சொல்லித்தான் தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். எடுத்துப் பேசிய இளைஞர், நான் சொல்லி முடிக்கும் முன்பே, “வீட்டம்மாவுக்கு முடியலைன்னா பஸ்ல கூட்டிட்டுப் போங்க சார், கம்பெனி என்ன பண்ணும்?” என்றார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் என் மனைவியும் அதைக் கேட்டார். உரையாடல் பதிவு செய்யப்படும் என்று தாங்களே அறிவிக்கிறீர்கள். ஜூலை 24 அன்று மாலையில் வந்த அந்த அழைப்பைத் தயவுசெய்து போட்டுக் கேளுங்கள். அந்தச் சிற்றூருக்குப் பேருந்திலிருந்து இறங்கி 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் வண்டியே வாங்கினோம்.

விற்பனை நிலையத்தில் முதலில் ஹெல்மெட்டின் மேல் பழி போட்டார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, எடை குறைந்த, முகம் முழுவதும் மூடுகிற புதிய ஹெல்மெட்டை 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். அடி அப்படியே இருந்தது. அடுத்த முறை பின்பெட்டியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினேன், முதுகுச் சாய்வு போனதுதான் மிச்சம். மூன்றாம் முறை, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள் என்றார்கள். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமே 80 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் நான் போவதில்லை. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே பின்னிருப்பவரை உட்காரவிடாத ஒரு பொருளை, நெடும்பயணத்துக்கு என்று எப்படி விற்கிறீர்கள்?

நான்காம் முறை போனபோது, மதுரையிலுள்ள தங்கள் பெரிய சர்வீஸ் நிலையத்தில் உயரமும் சாய்வும் மாற்றிக்கொள்ளும் தாங்கி ஒன்று வந்திருப்பதாகவும், பின்னிருப்பவரையும் அழைத்துக்கொண்டு வந்தால் ஓட்டிப் பார்த்து மாட்டித் தருவார்கள் என்றும் சொன்னார்கள். ஆகஸ்டு 21, புதன்கிழமை, சம்பளமில்லா விடுப்பு எடுத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு இருவரும் கிளம்பினோம். கயத்தாற்றிலும் காற்றாலைக் காடுதான். கோவில்பட்டிக்குள் என் மனைவி இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஒன்பது மணிக்குக் கொண்டு நிறுத்திய வண்டியைப் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் ஒருவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அந்தத் தாங்கி வேறு வண்டிக்கானது, இதில் சேராது என்றார். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே ஐயா! போக 160, வர 160 என்று 320 கிலோமீட்டர் அந்த அடியை என் மனைவி வாங்கியதெல்லாம் எதற்காக? வண்டியைக் கழுவிக் கொடுத்து, ஜாப் கார்டில் ‘குறை சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. ஆனாலும் அன்று மாலையே தங்களிடமிருந்து அதே வாசகத்தோடு குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பின் எப்போது அழைத்தாலும், தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது என்கிறார்கள். அந்த ‘பஸ்ல கூட்டிட்டுப் போங்க’ இளைஞரே இன்னொரு முறையும் எடுத்தார். குரலை நான் மறக்கவில்லை.

தாங்கள் செய்யத் தவறியதை நானே செய்து பார்க்க வேண்டியதாயிற்று. கண்ணாடியின் உட்புறத்திலும் என் சட்டையின் தோளிலும் சாண் நீளக் கம்பளி நூல்களை ஒட்டி, பின்னால் என் மைத்துனரை உட்காரவைத்து, கைப்பேசியில் படமெடுக்கச் சொல்லி ஓட்டினேன். உட்புற நூல்கள் பின்னோக்கிப் பறக்கவில்லை. கண்ணாடியை நோக்கி முன்னால் இழுபட்டுத் துடித்தன. கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்துபோவதால், மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று அந்த வெற்றிடத்தை நிரப்பப் பாய்ந்து சுழல்கிறது என்பதுதான் இதன் பொருள். பிறகு மேலப்பாளையத்துப் பட்டறைக்காரர் ஒருவர், கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் விளக்குக் கூட்டுக்கும் இடையில் 15 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்படி வாஷர்களைக் கொடுத்து முடுக்கினார். அடியிலிருந்து கொஞ்சம் காற்று உள்ளே புகுந்ததுமே நூல்களின் துடிப்பு பாதிக்கு மேல் அடங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை வள்ளியூர் வரையில் என் மனைவி பேசிக்கொண்டே வந்தார். இருபது ரூபாய் வாஷரால் இவ்வளவு ஆகுமென்றால், தங்கள் பொறியாளர்களால் ஆகாதா? கண்ணாடியை உயரமாக்கினால் போதும் என்று எண்ணி, அடியில் காற்று புக வழி வைக்காமல் விட்டிருக்கிறீர்கள். பின்னால் ஓர் ஆளை உட்காரவைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும்.

இதை மகிழ்ச்சியோடு விற்பனை நிலையத்தில் சொன்னபோது, வெளியாள் கை வைத்ததால் வாரண்டி போய்விடும் என்றார்கள். தாங்கள் கொடுத்த போல்ட்டின் நீளம் 15 மில்லிமீட்டருக்கு மேல் இடம் தரவில்லை என்பதால், வாஷர் இருந்தபோதும் கணவாயில் அடி முழுவதும் நிற்கவில்லை. இப்போது வாரண்டிக்குப் பயந்து அந்த வாஷர்களையும் கழற்றிவிட்டேன்.

ஐயா, தங்கள் வண்டியின் இன்ஜினிலோ பிரேக்கிலோ நான் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய வண்டி அது. ஆகவே பணிவுடன் கேட்கிறேன். சாய்வும் இடைவெளியும் மாற்றிக்கொள்ளத்தக்க தாங்கியை இந்த வண்டிக்கென்று செய்து இலவசமாகப் பொருத்தித் தாருங்கள். முடியாதென்றால் கண்ணாடிக்கும் ஹெல்மெட்டுக்கும் நான் கொடுத்த 11,000 ரூபாயையும், மதுரைப் பயணச் செலவையும் ஒருநாள் சம்பளத்தையும் திருப்பித் தாருங்கள். ஜாப் கார்டிலுள்ள பொய்யை அடித்துத் திருத்துங்கள். அந்த இளைஞர் என் மனைவியிடம் நேரடியாக வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. இனி அலையப்போவது நானல்ல. ஆயுளுக்கும் கெட்டுப்போன ஒரு கழுத்துக்கும், மூன்று மாதமாக வீட்டில் தொலைந்த நிம்மதிக்கும் இரண்டு லட்சம் ரூபாய் கேட்பேன்; அதுவும் குறைவுதான். நூல்கள் துடிக்கும் ஒளிப்பதிவும், மருத்துவரின் சீட்டும், நான் கையெழுத்திடாத ஜாப் கார்டின் நகலும் என்னிடம் உள்ளன.

தொலைபேசியில் யாரும் அழைக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை தோவாளைக்கு நான் மட்டும் வண்டியில் போகிறேன். என் மனைவி பேருந்தில் வருகிறார், இறங்கும் இடத்தில் நான் காத்திருந்து அழைத்துப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.