குளத்துக்கு என்ன செடி?

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பா,

இங்கே எல்லாரும் நலம். மழை விட்டபாடில்லை, செம்பனைக் காட்டுப் பாதை முழுக்கச் சேறு.

நீ கிள்ளான் வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டியிருக்கிறாயாமே! பெரியக்கா சொல்லித்தான் தெரிந்தது. பல் விழுந்த சங்கதியைக்கூட எனக்குச் சொன்னவன், இதைச் சொல்லக் கூடாதா? அதில் விட ஆகாயத்தாமரை வாங்கி வைத்திருக்கிறாய் என்றதும்தான் பேனாவை எடுத்தேன்.

வேண்டாம்டா. பூ அழகுதான். ஆனால் நம் வெயிலுக்கு இரண்டே வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். தண்ணீரை மூடினால் வெளிச்சம் இறங்காது, மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். பெருமழையில் ஒரு செடி லோங்காங்கில், அதான் வீட்டோரச் சாக்கடையில், இறங்கினால் போதும், ஆறுவரை போய்விடும். நம் தோட்டத்துப் பழைய குட்டை என்ன ஆனது என்று தண்டல் மாமாவைக் கேள்.

அந்த ஊதாப் பூதான் வேண்டுமென்றால் பொன்டெடேரியா நடு. ஆகாயத்தாமரையின் குடும்பம்தான், ஆனால் சேற்றில் வேர்விட்டு நிற்கும், மிதந்து ஓடாது. பக்கத்தில் நீர்க் கல்வாழை. ஈரம் மட்டும் உள்ள மேல்கரைக்கு வல்லாரை. அப்புறம் வசம்பு, கட்டாயம் வசம்பு! பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் உன் அம்மா கொண்டுபோவார்களே, அதன் இலையைக் கசக்கினாலே அந்த மணம் வரும். மலாய்க்காரர்களிடம் ஜெராங்காவ் என்று கேள்.

சேற்றுக்குள் காற்று கிடையாது. ரோஜாவை நட்டால் வேர் அழுகும். இவை அழுகாது. கல்வாழைத் தண்டை நறுக்கிப் பார், உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்குவது அந்த வழியில்தான். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

செடியைத் தொட்டியில் நட்டுக் குளத்தில் இறக்கு. தொட்டியில் நம் ஊர்க் களிமண்ணையே போடு. கடையில் விற்கும் பை மண் வேண்டாம். நார் மிதக்கும், உரம் கரைந்து தண்ணீர் பச்சையாகும். மேலே சரளைக்கல் பரப்பு. மண்ணுக்கு மேல் 5 முதல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கட்டும். ஆழம் கூடினால் தொட்டிக்கு அடியில் செங்கல் வை.

ஒன்று மட்டும் கவனம். பேத்திக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து நாம் பட்டது போதும். கொசு முட்டை பொரித்துப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான். கப்பி மீன் விடு. செடியை நெருக்கி நடாதே, மீன் உள்ளே புகுந்து புழுவைத் தின்ன இடம் வேண்டும்.

தீபாவளிக்கு வரும்போது வசம்புக் கிழங்கு கொண்டுவருகிறேன். அதற்குள் அந்த ஆகாயத்தாமரையை வெயிலில் நன்றாகக் காயப்போட்டுவிடு. லோங்காங்கில் மட்டும் எறியாதே.

உன் பழைய பெஞ்சுக்காரன்