சாமிக்கு அப்பன் எழுதறது

சாமி, நல்லா இருக்கியா. போன் பண்ணுனா சூட்டிங்ல இருக்கேன்னு ஒரே மெசேஜ்தான் வருது, அதான் எழுதறன், நேரங்கெடைக்கறப்ப படிச்சுக்க. தடப்பள்ளி வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சு. கூகலூரு பெரியப்பா விசயம் ஒரு வழியா முடிஞ்சுது. வேளாவேளைக்கு சாப்புடோணும்.

போன தடவ, நம்ம தென்னாட்டுல மொத ஊமப்படம் எடுத்த நடராஜ முதலியார் கதை சொன்னீல்ல, அதயேதான் நெனச்சுட்டிருக்கறன். பூனாவுல ஸ்டூவர்ட் ஸ்மித்துங்கற வெள்ளைக்காரங்கிட்ட கேமரா கத்துக்கிட்டு, புரசைவாக்கத்துல ஸ்டூடியோ போட்டு, டைரக்சனும் அவரே கேமராவும் அவரேனு கீசக வதம் எடுத்தாராமா. கல்யாணப் பந்தல்ல கட்டறாப்ல மேல வெள்ளத்துணி கட்டி வெயில வடிகட்டி, ஹேண்டில கையிலயே சுத்தி, ஒரே சீரா சுத்தலீனா ஆளு குதிக்கும்னு எனக்குத் தெரியாதா. ஆனா நீ பாதியில நிறுத்திட்ட, மிச்சத்த நானே தேடிப் படிச்சன். ஸ்டூடியோல தீ புடிச்சு சொந்தப் பையனே போயிட்டான், 1923ல படம் எடுக்கறதையே விட்டுட்டாரு. அதுக்கப்பறம் 40 வருசத்துக்கு மேல இருந்திருக்கறாரு, எப்படித்தான் இருந்தாரோ.

லைட்டுக்குப் பக்கத்துல பாத்து இருக்கோணும் சாமி. ஜெனரேட்டர் வயர மிதிக்காத. அந்த நைலான் சட்டை ஆகாது, காட்டனே போடு.

சின்னக்கா உன்ற போட்டோ காட்டுனா, அத்தாம்பெரிய கேமராவுக்குப் பக்கத்துல நிக்கற, டீக்கடையில எல்லாத்துக்கும் காட்டிட்டு வந்தன். இடது கைய மட்டும் பின்னால வெச்சிருக்கற. மணிக்கட்டுல என்னமோ வெள்ளையாத் தெரியுதுன்னு அம்மா கேட்டா, கையொறைன்னு சொல்லி வெச்சிருக்கறன். லைட்டுக்கிட்ட பாத்து இரு.

அவகிட்ட பொய் சொல்றது எனக்கென்ன புதுசா. உனக்கு ஆறு வயசு, தீவாளிக்கு ரெண்டு நாள் இருக்குது, டூரிங் டாக்கீஸ் கேபின்ல, புரொஜக்டர் வெளிச்சத்துக்கு எரிஞ்சு குட்டையான கார்பன் குச்சிய தகர டப்பாவுல போடாம தரையில போட்டுட்டன், மேல பூசுன செம்பு மினுமினுங்கவும் நீ எடுத்துட்ட. வெடி சுட்டுருச்சுன்னு அம்மாகிட்ட சொல்லச் சொன்னது நாந்தான். ரீல் மாத்தற அவசரம்னு உங்கிட்ட சொன்னேனே, அவசரமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, ஓட்டை வழியா பாட்டுப் பாத்துட்டிருந்தன். அன்னைக்கும் நீ கைய பின்னால கட்டிக்கிட்டுத்தான் அவ முன்னால நின்ன.

ஞாயித்துக்கெழம வீடியோ கால்ல வா. செல்ல எங்கயாச்சும் சாச்சு வெச்சுட்டுப் பேசு.